முந்நூற்று நான்கு கிராம்

ஆறாம் நாள் நடந்து இந்த ஊருக்கு வந்து சேர்கிறவர்கள்
முதலில் கேட்பது சூப் அல்ல,
அட்டைப்பெட்டி.
தபால் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்:
ஜீன்ஸ், இன்னொரு ஜீன்ஸ்,
வார்ப்பிரும்பு வாணலி,
நாற்பதாம் பக்கத்தில் மடித்த தடித்த நாவல்,
ஒருமுறை இஸ்திரிப்பெட்டி.
நடந்து முடித்ததும் ஒரு கல்யாணத்துக்குப் போகணுமாம்.
சரி என்று ஸ்டாம்பு குத்தினேன்.
பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டு
வெளியே போகிறவர்களின் நடையே வேறு.

நானோ அந்தப் பாதையில்
சர்ச்சுக்கு மேலே இருக்கும் வளைவைத் தாண்டியதில்லை.

இந்த மே மாதம் போகலாம் என்றிருக்கிறேன்.
இஷ்பெல், ஐம்பத்திரண்டு வயது,
முழங்காலில் ஒன்று நல்லது.
அதற்கு ஒரு ஜாக்கெட்.
அதையேதான் இங்கேயும் போட்டாக வேண்டும்;
தலைமை அலுவலகம் அனுப்பிய ஹீட்டர்
பூனைக்கு மட்டும் எட்டுகிறது.
இரண்டு ஜாக்கெட்டுக்குச் சம்பளம் இல்லை.

ஃபோர்ட் வில்லியமில் டூகலின் கடை.
இது இறகில்லை, என்றான்,
இறகுக்கு அடியில் இருக்கும் தூவி. காம்பே கிடையாது.
உள்தையலில் எண்ணூறு என்று போட்டிருந்தது:
ஒரு அவுன்ஸ் தூவி
எவ்வளவு இடத்துக்கு ஆசைப்படுகிறது என்ற கணக்கு.
எண்ணை நான் நம்பவில்லை.
கைக்குள் கசக்கி மூடி
இருபதுவரை எண்ணிவிட்டுத் திறந்தேன்.
பென்ஷன் வரிசையில் தன் முறை வந்ததும் எழுகிற
திரு. மக்கின்ஸ் போல
அவசரமில்லாமல் எழுந்தது.

நனைந்தால்?
கட்டி கட்டியாகும். ஊறிய ரொட்டி.
இங்கே எப்போது நனையாது?
டூகல் ஜன்னலைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தோம்.

பஞ்சு அடைத்தது ஒன்று காட்டினான்.
நனைந்தாலும் சூடு போகாது,
ஆனால் சுருட்டினால் பையில் பாதி அதுதான்.
திரும்பவும் தூவிக்கே வந்தோம்,
மேலே மழைக்கோட்டு என்று ஒப்பந்தம்.
நடக்கும்போது இதைக் கழற்றிவிடுங்கள், வியர்வையும் ஈரம்தான்,
நிற்கும்போது மட்டும் போடுங்கள், என்றான்.
நிற்பதுதான் என் தொழில், என்றேன்.

ஆரஞ்சு எடுங்கள், மீட்புக் குழுவின் கண்ணில் படும்.
மீட்கிற இடத்துக்கெல்லாம் நான் போகமாட்டேன், டூகல்.
எங்கள் ஊரில் ஒரு கோட்டு என்றால்
அது சவ அடக்கத்துக்கும் வர வேண்டும்.
கரும்பச்சை.
தலைமூடி வைத்தது நாற்பது கிராம் கூடுதல்.
இரண்டு காதுக்கு நாற்பது கிராம்.
வைத்துக்கொண்டேன்.
விலையை இங்கே எழுதவில்லை,
என் தங்கை படிப்பாள்.

மறுநாள் கடை சாத்தியதும்
பார்சல் தராசில் வைத்தேன்.
அட்டையில் இருநூற்று அறுபத்துநான்கு.
தராசில் முந்நூற்று நான்கு.
டூகலுக்குப் போன் போட்டேன்.
அட்டையில் இருப்பது சின்ன சைஸ், என்றான்,
தலைமூடி இல்லாதது.
யாரும் பொய் சொல்லவில்லை,
வேறு யாருக்கோ எடை போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் மூன்றாம் வாரம்
ஃப்ரீஸ்லாந்துக்காரன் ஒருவன், வீபெ என்று பெயர்,
கம்பளிக் கோட்டைக் கவுன்ட்டரில் போட்டான்.
ஒரு கிலோ எழுநூற்று நாற்பது.
அம்மா வாங்கிக் கொடுத்ததாம்;
முகவரியில் அண்ணன் பெயரை எழுதினான்.
பிறகு என் கையைத் தொடாமல் சுட்டி,
அது எப்படி, நல்லதா, என்றான்.

இன்னும் தெரியாது, என்றேன்.
ஆறு வாரமாக இங்கேதான் நின்றிருக்கிறது.
ஒரு சனிக்கிழமை மட்டும்
சர்ச் வளைவுக்கு மேலே
இருநூறு எட்டு போனோம், அதுவும் நானும்.
மழை வந்தது. திரும்பிவிட்டோம்.

டேப்பை இழுத்து ஒட்டும்போது
முழங்கைத் தையலில் ஏதோ குத்தியது.
காம்பே கிடையாது என்று டூகல் சொன்ன இடத்திலிருந்து
ஒரு காம்பு, அதன் நுனியில்
சாம்பல் நிறத்தில் கொஞ்சம் புகை மாதிரி.
இழுத்தேன். வந்தது.
விரலிலிருந்து நழுவி
டேப்புக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

தராசைப் பார்த்தேன். எண் மாறவில்லை.
வீபெ காசை எண்ணிக்கொண்டிருந்தான்.
உரித்து எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை,
லேவார்டனுக்குத்தான் போகட்டும் என்று
ஸ்டாம்பு குத்தினேன்.